மீன் பொரியும் முற்றம்

கல்வராயன் மலையில் விழுகிற மழைக்குக் கடலுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. கோமுகி ஆறாக மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சியை ஒட்டி ஓடி, மணிமுக்தாவோடு கலந்து, அப்புறம் வெள்ளாற்றில் ஐக்கியமாகி, பரங்கிப்பேட்டையில் போய்க் கடலில் விழுகிறது. மலைத் தண்ணீர் இப்படிக் கீழே போய்க்கொண்டிருக்க, அந்தத் திசையிலிருந்தே ஒரு சரக்கு எதிர்முகமாக மேலே ஏறி வருகிறது. பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் கரை சேர்ந்த மீன்தான் அது. முன்னெல்லாம் உடம்பெங்கும் உப்பைப் பூசிக்கொண்டு, கருவாடு என்ற திருநாமத்துடன் மாட்டு வண்டியில் வந்தது. இப்போது ஐஸ் பெட்டிக்குள் சுகமாகப் படுத்துக்கொண்டு லாரியில் வருகிறது.

கடலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊர் கள்ளக்குறிச்சி. அங்கே கடைத்தெருப் பக்கம் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு நடந்து பாருங்கள். எங்கேயாவது ஒரு சின்ன மெஸ்ஸிலிருந்து மீன் வறுபடும் வாசனை வந்து மூக்கைத் தொடும். வாசனை என்று சொல்லி உள்ளே நுழைகிறவர்களும் உண்டு. நாற்றம் என்று சொல்லி எதிர்ச்சாரிக்குப் போகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கட்சிகளும் இன்று நேற்று ஏற்பட்டவை அல்ல. அவற்றின் வழக்கு இரண்டாயிரம் வருஷமாக நடந்து வருகிறது. அந்த வழக்கின் முதல் ஏடுகளில் சில இத்தாலி தேசத்தில் இருக்கின்றன. ஆகையால் நேயர்கள் தயவுசெய்து என்னுடன் கொஞ்ச தூரம் கப்பலேற வேண்டும்.

இத்தாலியின் கடற்கரை ஊர்களில், நேபிள்ஸ் பக்கத்தில் முக்கியமாக, சிறு சிறு மீன் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. டிராட்டோரியா என்று அந்தத் தேசத்தார் சொல்வார்கள். ஒரு குடும்பம் நடத்தும் கடை. பத்துப் பன்னிரண்டு மேஜை இருந்தால் அதிகம். காலையில் படகு என்ன கொண்டு வந்ததோ அதுதான் மத்தியானத்துச் சாப்பாடு. இன்றைக்கு நெத்திலி என்றால் நெத்திலி. கணவாய் என்றால் கணவாய். அடுப்பங்கரைச் சத்தமும் சாப்பிடுகிறவர்களின் சத்தமும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்க்கும். மேஜைக்கும் மேஜைக்கும் நடுவே பரிமாறுகிறவர் நுழைந்து வருவதே ஒரு வித்தை. முன்பின் தெரியாத இருவர் முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிட்டு, எழுந்திருக்கும்போது சிநேகிதர்களாகி விடுவதும் உண்டு.

இந்த மாதிரிக் கடையின் பாட்டனுக்குப் பாட்டனைக் கண்ணால் பார்க்கலாம். நேபிள்ஸுக்கு அருகில் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-ல் கக்கிய சாம்பல் பாம்பேய் என்ற நகரத்தை மூடிப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டது. அந்த நகரத்துத் தெருமுனைகளில் சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருந்தன. சுமார் எண்பது கடைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். தெருவைப் பார்த்த ஒரு கல் மேடை. அந்த மேடையில் பெரிய ஜாடிகளைக் கழுத்து வரையில் புதைத்திருப்பார்கள். ஜாடிக்குள் சாப்பாட்டுப் பண்டங்கள். வீட்டில் அடுப்பு வைக்க இடமில்லாத ஏழைகளும், கூலிக்காரர்களும், ஊர் விட்டு ஊர் வந்தவர்களும் அங்கே நின்றோ உட்கார்ந்தோ சாப்பிட்டுப் போனார்கள். 2020-ம் ஆண்டு டிசம்பரில் இப்படிப்பட்ட கடை ஒன்று முழுசாகத் தோண்டி எடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். மேடையின் மேல் வர்ணச் சித்திரங்கள் அழியாமல் இருந்தன. கடல் குதிரை மேல் ஏறிய ஒரு கடல் கன்னி, சேவல், வாத்து, கழுத்தில் கயிறு கட்டிய ஒரு நாய்! ஜாடிகளின் அடியில் வாத்து எலும்பு, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள். சாப்பிட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள், அல்லது மாண்டு போனார்கள். சமைத்தது மட்டும் பத்தொன்பது நூற்றாண்டு காத்திருந்தது.

அந்தச் சமையலில் ஒரு முக்கியச் சேர்மானம் கரும் என்ற மீன் சாறு. மீனின் குடலையும் சிறு மீன்களையும் உப்போடு சேர்த்து வெயிலில் ஊற விட்டு, நாளாவட்டத்தில் அது கரைந்து வடிகிற சாற்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பாம்பேயில் ஸ்காரஸ் என்று ஒரு பிரமுகர் இந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார். தன் வீட்டுக் கூடத்துத் தரையில் மீன் சாற்று ஜாடிகளின் படத்தையே கல் பதித்து வரைந்து வைத்தார். மகாலக்ஷ்மி படத்தை மாட்டுகிற இடத்தில் ஊறுகாய் ஜாடி! ஆனால் அவர் குற்றமென்ன? லக்ஷ்மி அந்த ஜாடி வழியாகத்தானே வந்தாள்? ரோமாபுரித் தத்துவஞானி செனகாவுக்கு இந்தச் சாறு பிடிக்காது. அழுகின மீன் வயிற்றை எரிக்கிறது என்று திட்டி எழுதியிருக்கிறார். மற்றொரு அறிஞரான பிளினியோ வாசனைத் தைலத்துக்கு அடுத்தபடி விலையுயர்ந்த திரவம் இதுதான் என்கிற தோரணையில் எழுதுகிறார். பார்த்தீர்களா, இரண்டு கட்சிகளும் அங்கேயே ஆரம்பித்து விட்டன.

மூக்கைப் பொத்திக்கொள்வதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளுக்கு இந்தச் சின்னக் கடைகளின் மேல் ஒரு தனிக் கோபம் இருந்தது. கிளாடியஸ் சக்கரவர்த்தி ஜனங்கள் கூடிக் குடிக்கிற கடைகளை மூடச் சொன்னார்; வேக வைத்த மாமிசம் விற்கக் கூடாது என்றார். நீரோ வந்தார். கடைகளில் காய்கறியும் பருப்பு வகையும் தவிரச் சமைத்த பண்டம் எதுவும் விற்கக் கூடாது என்று ஆணை போட்டார். அந்த நீரோதான் ராத்திரி வேளையில் மாறுவேஷம் போட்டுக்கொண்டு அதே கடைகளில் சுற்றியவர்! பிறகு வெஸ்பேஸியன் வந்து மறுபடியும் பருப்புக்கு மட்டுமே அனுமதி கொடுத்தார். ஒரே தடையை இத்தனை பேர் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால், ஜனங்கள் அதை எவ்வளவு லட்சியம் செய்தார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு தட்டு மீனைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் ஏன் பயப்பட வேண்டும்? ஜூவனல் என்ற அங்கதக் கவி இதற்குப் பதில் சொல்லி வைத்திருக்கிறார். ரோமாபுரியின் துறைமுகமான ஆஸ்டியாவில் ஒரு கடை. அங்கே ஒரு பெரிய பதவிக்காரர் போய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யார் யார்? மாலுமி, திருடன், ஓடிப்போன அடிமை, கொலைத் தண்டனை நிறைவேற்றுகிறவன், சவப்பெட்டி செய்கிறவன். அந்த இடத்தில் எல்லோரும் சமம், குவளை பொது, தனி மேஜை யாருக்கும் கிடையாது என்று கவி ஏளனமாகச் சொல்கிறார். அவர் வசையாக எழுதியதை இன்றைக்கு நாம் படித்தால் அது அந்தக் கடைக்குக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரமாக இருக்கிறது! பயத்தின் காரணம் இதுதான். வீட்டில் வரிசை உண்டு. விருந்தில் வரிசை உண்டு. கோயிலில், சபையில், சுடுகாட்டில்கூட வரிசை உண்டு. நெரிசலான சின்னச் சாப்பாட்டுக் கடையில் மட்டும் காலியான இடத்தில்தான் உட்கார முடியும்.

*

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். பாம்பேயில் கடை நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டித் தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் என்ன நடந்தது?

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் பறக்கிற கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போகிறார். கோயில் கொடி, வாதத்துக்கு அழைக்கும் ஆசிரியர்களின் கொடி, துறைமுகத்துக் கப்பல் கொடி எல்லாம் ஆன பிறகு ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறார். உள்ளே மீனைத் துண்டு போடுகிறார்கள், இறைச்சியை அறுக்கிறார்கள், இரண்டும் பொரிகிற சத்தத்தால் முற்றம் நிறைந்திருக்கிறது. முற்றத்தில் மணல் பரப்பிப் பூத் தூவியிருக்கிறது. வாசலில் கள் விற்பதைத் தெரிவிக்கும் கொடி. கூட்டம் போகிறதும் வருகிறதுமாக இருக்கிறது.

சின்ன இடம், ஓயாத கூட்டம், மீன் பொரியும் ஓசை, வெளியே விளம்பரம். இதை விடச் சுத்தமாக ஒரு மீன் சாப்பாட்டுக் கடையை வேறு எப்படி வர்ணிப்பது? கோயில் கொடியைப் பாடிய நாவால் இந்தக் கொடியையும் புலவர் பாடினார். ஜூவனலின் ஏளனம் இவரிடத்தில் கிடையாது. பட்டினத்தின் பெருமைகளில் அதுவும் ஒன்று என்று சந்தோஷமாக எண்ணிச் சேர்த்துக்கொண்டார். அதே பட்டினத்தில் பரதவர்கள் சுட்ட இறாலையும் வெந்த வயல் ஆமையையும் சாப்பிட்டுவிட்டுப் பூச்சூடித் திரிந்ததையும் அவர் விடவில்லை.

அந்தப் பட்டினத்துக்கு யவனர்கள் வந்தார்கள் என்று நம் காவியங்கள் சொல்கின்றன. அவர்கள் சாப்பிட்ட தட்டே நமக்குக் கிடைத்திருப்பது இன்னும் வடக்கே, புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில். 1944-ல் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை மியூசியத்து அலமாரி ஒன்றில் உடைந்த ஜாடிக் கழுத்தைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடி அது என்று கண்டதும் புதுச்சேரிக்கு ஓடினார். 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரின் பெயரால் வழங்கும் பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் வெளியே வந்தன. சிலவற்றில் செய்தவர்களின் முத்திரை கூட இருந்தது. ஒயின் வந்த ஜாடிகளும் ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளும் கிடைத்தன. பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்த ஓடுகளைப் பொறுமையாகத் தரம் பிரித்தபோது, சில துண்டுகள் மீன் சாற்று ஜாடியைச் சேர்ந்தவை என்று கண்டார்கள்.

செனகா திட்டிய அந்தச் சாறு, உலகத்தின் பாதியைக் கடந்து, ஊரெல்லாம் கருவாடு காய்கிற நம் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது! திருநெல்வேலிக்கு அல்வா கொண்டு போன கதைதான். வந்தவனுக்கு நாக்கு ருசி ஊர் நினைவு. அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அரிக்கமேட்டில் அந்தச் சாற்றை ஊற்றிச் சாப்பிட்ட யவன மாலுமியும் அவனுக்கு மூட்டை சுமந்த தமிழனும் ஒருவர் சாப்பாட்டை மற்றவர் பார்த்து மூக்கைச் சுளித்திருக்க முடியாது. இரண்டும் மீன், இரண்டும் உப்பு, இரண்டும் வெயில்.

கரையிலிருந்து இந்த ருசி உள்நாட்டுக்கு ஏறிய வழியைச் சங்க நூல்களில் தொடரலாம். சிறுபாணாற்றுப்படை ஒரு பாணனை எயிற்பட்டினத்திலிருந்து நடத்திச் செல்கிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. கடற்கரையில் நுளைச்சியர் வடித்த கள்ளும் சுட்ட உலர்மீனும் அவனுக்குக் கிடைக்கும். உள்ளே நடந்தால் வேலூரில் புளி சேர்த்த சுடுசோறு. இன்னும் போனால் ஆமூரில் உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும். பாணன் யார் வீட்டுக்கும் உறவினன் அல்ல. வழிப்போக்கன். அவன் என்ன குலம் என்று கேட்டு யாரும் இலை போடவில்லை.

அந்தப் பாதைகளில் உமணர்கள் உப்பு வண்டி ஓட்டினார்கள். குடும்பம் முழுதும் வண்டியோடு போகும். பிள்ளையை வைத்துக்கொண்டே தாய் மாட்டை முடுக்குவாள். அவர்கள் வளர்த்த குரங்குக் குட்டியும் பிள்ளைகளில் ஒன்றாகக் கூடவே போய், கிளிஞ்சலுக்குள் முத்துப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டும். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். உப்பு ஏறாத ஊரில் கருவாடு ஏறாது. உப்பு ஏறிய ஊருக்குக் கருவாட்டைத் தடுக்கவும் முடியாது.

பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் இந்தப் பக்கத்தின் பெரிய ஊர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவலூரும் அதில் சேர்ந்தது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர் அது. பாரியின் சிநேகிதரான கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஆற்று நடுவில் ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். அவர் தீப்புகுந்த செய்தியை ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டும் சொல்கிறது. ரோமானியப் பொற்காசுகளும் அந்த ஊரில் கிடைத்திருக்கின்றன. ஆகவே யவனக் கப்பலின் பணம் இவ்வளவு தூரம் ஏறி வந்தது நிச்சயம். கபிலர் காரியைப் பாராட்டிய காரணம் வேடிக்கையானது. காலையிலேயே குடித்துக் களித்துவிட்டுத் தேரைத் தானம் செய்வது யாருக்கும் எளிது; காரி குடிக்காமலே கொடுக்கிறான் என்கிறார். யவன மதுவின் காலத்தில் இதை விடப் பெரிய புகழ் வேறு என்ன வேண்டும்?

*

கொடி கட்டிய அந்த முற்றம் பிறகு இலக்கியத்தின் பெருமைப் பட்டியலில் இருந்து மறைகிறது. மீன் போகவில்லை. ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் புலால் உண்ணாமை உயர்வுக்கு அடையாளமாயிற்று. சேர்ந்து உண்ணாமை அதைவிடப் பெரிய உயர்வுக்கு அடையாளமாயிற்று. வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்கள் எழுந்தன. அவை பெரிய தர்மந்தான்; ஆனால் பல சத்திரங்களில் இன்னாருக்கு இன்ன பந்தி என்று தர்மத்துக்கே வரப்புக் கட்டியிருந்தார்கள். பாணனிடம் கேட்காத கேள்வியைப் பிற்காலத்து வழிப்போக்கனிடம் முதலில் கேட்டார்கள்.

இந்த வரப்பின் உயரத்தை அளந்து பார்க்க ஒரு இத்தாலியர் உதவுகிறார். ராபர்ட் டி நொபிலி 1577-ல் பிறந்தவர். ரோமாபுரிப் பிரபு குலம். ஏசு சபைப் பாதிரியார். 1606-ல் மதுரைக்கு வந்தார். கடற்கரையில் மீன் பிடித்து முத்துக் குளித்த பரவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குள் கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். மதுரை நகரத்து மேல் குலத்தாரோ பாதிரிமாரைப் பரங்கிகள் என்று ஒதுக்கினார்கள். மாமிசம் தின்கிறவர்கள், எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பது குற்றச்சாட்டு. டி நொபிலி காவி கட்டினார். மீன், மாமிசம், முட்டை, மது எல்லாவற்றையும் விட்டார். பிராமண சமையற்காரரை வைத்துக்கொண்டு ஒரு வேளை சோறும் காய்கறியும் சாப்பிட்டார். மதுரையில் அவருக்கு முன்னாலிருந்தே ஊழியம் செய்துகொண்டிருந்த சக பாதிரியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்! 1623-ல் அவர் வடக்கே பிரயாணப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் வரையில் வந்தார். கல்வராயன் மலையின் மேற்குப் பக்கத்துச் சீமை அது.

நூறு வருஷம் கழித்து இன்னொரு இத்தாலியர், நம் வீரமாமுனிவர் பெஸ்கி, கிழக்குப் பக்கத்தில் உளுந்தூர்ப்பேட்டைக்குத் தெற்கே கோணான்குப்பத்தில் மாதா கோயில் கட்டினார். தேம்பாவணி இயற்றிய அந்த மகானும் தமிழ்ச் சந்நியாசியின் ஆசாரத்தையே கைக்கொண்டார்.

இவர்களுடைய தமிழுக்கு நாம் பட்ட கடன் பெரிது. டி நொபிலியின் தியாகமும் சாமானியமல்ல. ஆனாலும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மீன் சாற்று ஜாடியோடு வந்த யவனனைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நாடு இது. அதே இத்தாலியிலிருந்து பதினாறு நூற்றாண்டு கழித்து வந்தவர், தன் நாட்டவரோடுகூடச் சேர்ந்து சாப்பிடாமல் இருந்தால்தான் அவர் பேச்சைக் கேட்போம் என்று சொன்னார்கள். அவர் நாக்கை மாற்றிக்கொண்டது பெரிய விஷயமில்லை. பக்கத்து இலையைக் காலி செய்ய வேண்டியிருந்ததே, அதுதான் விஷயம். அவருடைய புதிய ஆசாரத்தில், மீன் பிடித்த பரவக் கிறிஸ்தவருக்கும் அவர் பக்கத்தில் இடமில்லை.

*

ஹோட்டல் என்ற வார்த்தை இங்கிலீஷ்காரர்களோடு வந்தது. அவர்களுக்கு அது தூங்குகிற இடம். நமக்குச் சாப்பிடுகிற இடம். சென்னை மவுண்ட் ரோட்டில் டி ஆஞ்செலிஸ் என்ற இத்தாலியப் பெயர் கொண்ட ஒருவர் பிரமாதமான ஹோட்டல் நடத்தினார். 1910-ல் சென்னையில் செய்த விமானத்தில் ஏறிப் பறந்து காட்டிய ஆசாமி அவர். அந்த ஹோட்டல் வெள்ளைக்காரத் துரைமாருக்கும் தனவான்களுக்கும் ஏற்பட்டது. நம் கதைக்கு வேண்டியது அதுவல்ல. சந்து முனையில் புகை சூழ்ந்த சின்னக் கடை.

அந்தச் சின்னக் கடையிலும் வரப்பு வந்து உட்கார்ந்தது. காபி கிளப்புகளில் பிராமணாள் என்று பலகை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் அவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். ரயில் எல்லோரையும் ஒரே வேகத்தில் கொண்டு போய், ஸ்டேஷன் வந்ததும் இரண்டாகப் பிரித்தது. பெரியார் முதலியோரின் கண்டனத்தின் பேரில் அந்தப் பிரிவினை 1941-ல் நீங்கியது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது விதி, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் சாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுத்தில் வைத்தது. 1955-ல் தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. பலகைகள் மட்டும் இருந்தன. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் எதிரில் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சிறை சென்றார்கள். மறு வருஷம் அந்தச் சொல் பலகையிலிருந்து போயிற்று.

இதற்கு மறு பக்கத்தில் மிலிட்டரி ஹோட்டல் வளர்ந்தது. மிலிட்டரி என்றால் துப்பாக்கி இல்லை, புலால் சாப்பாடு. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் தங்கள் ஊர்த் தெய்வத்தின் பெயரால் முனியாண்டி விலாஸ் பலகைகளைத் தமிழ்நாட்டு ஊர்களில் எல்லாம் மாட்டின. வருஷா வருஷம் அந்தத் தெய்வத்துக்குப் பிரியாணி படையலிட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். சைவ ஹோட்டலில் பலகை எதற்காகப் போராடிக்கொண்டிருந்ததோ அதைப் பற்றி மிலிட்டரி ஹோட்டல் அதிகம் கவலைப்படவில்லை. மீன் தின்கிறவன் என்று ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவர்கள் கூடுகிற இடம் அது. அங்கே மேலும் தள்ள இடம் குறைவு.

இங்கே மீனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி. பருப்பு நாளைக்கும் இருக்கும். மீனுக்குப் பொறுமை கிடையாது. விடியற்காலையில் கடலூரில் ஏலம் எடுத்து லாரியில் ஏறிய வஞ்சிரமும் சங்கராவும் அன்று மத்தியானத்துக்குள் இலைக்குப் போயாக வேண்டும். கடைக்காரருக்கு இருப்பதோ ஆறு மேஜை. ஒரு மேஜையை இன்னாருக்கு என்று காலியாக வைத்தால் மீன் கெடும், முதல் கெடும். ஆகவே வந்தவரை வந்த வரிசையில் உட்கார வைக்கிறார். அவர் சமத்துவப் பிரசங்கம் எதுவும் கேட்டவராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் சின்னக் கடை எல்லாமே இப்படி என்று சொன்னால் அது பொய்யாகும். கிராமத்து டீக்கடை அதைவிடச் சின்னது. அங்கேதான் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை வேர் விட்டது. சட்டம் வந்து பல ஆண்டுகள் கழிந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது வெளிச்சத்துக்கு வந்துகொண்டே இருந்தது. காரணம் புலப்படாமலில்லை. கிராமத்தில் கடைக்காரருக்கு ஒவ்வொருவரின் தாத்தா பெயரும் தெரியும். சந்தை ஊரின் கூட்ட நேரத்தில் யார் யார் என்று கேட்க அவகாசமில்லை. இடம் சிறியதாயிருந்தால் மட்டும் போதாது; கூட்டம் வேண்டும்; கூட்டம் அந்நியர்களாகவும் இருக்க வேண்டும். ஆஸ்டியாவும் காவிரிப்பூம்பட்டினமும் துறைமுகங்களாக இருந்தது தற்செயல் இல்லை.

கள்ளக்குறிச்சி துறைமுகமில்லை. ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் அது ஒரு துறை. கல்வராயன் மலை மக்கள் புளியும் கடுக்காயும் தேனும் கொண்டு இறங்குவார்கள். உப்பும் கருவாடும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்த மலையில் 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆட்சி நடந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் வரையில் கூலியில்லா வேலை செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். மலையில் கும்பிட்டு நின்ற மனிதன், சந்தைக்கு இறங்கி வந்த அன்று ஒரு கடையில் காசைக் கொடுத்து இலைக்கு முன்னால் உட்கார முடிந்தது என்றால், அந்தப் பலகைக்கு எந்தச் சிம்மாசனம் ஈடு?

இன்றைக்கு அந்த மாதிரி மெஸ்ஸில் மண்சட்டி நிறைய மீன் குழம்பு கொதிக்கிறது. குழம்பின் சிவப்பு மிளகாயினுடையது, தக்காளியினுடையது. இரண்டும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. சங்க காலத்துப் பாணனுக்கு மிளகுதான் தெரியும். நேபிள்ஸ்காரருடைய மீன் சமையலிலும் இன்று தக்காளி இல்லாமல் நடக்காது; பாம்பேயில் சாப்பிட்டவன் அதைக் கண்டதில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் இதுதான் எங்கள் பாட்டி காலத்து ருசி என்று சத்தியம் செய்வார்கள். பழைய கருமின் வாரிசும் இன்னும் இருக்கிறது. நேபிள்ஸுக்குத் தெற்கே செதாரா என்ற மீனவர் ஊரில் நெத்திலி இனத்து மீனை உப்பில் அடுக்கி, மரப் பீப்பாயில் ஊற வைத்துச் சாறு வடித்துச் சிறு புட்டிகளில் விற்கிறார்கள். விலை கொஞ்சநஞ்சமல்ல. நாகரிகமான மனிதர்கள் அதைத் துளித் துளியாகச் சோற்றில், இல்லை, சேமியாவில் விட்டுக்கொண்டு ரசிக்கிறார்கள். நம்முடைய நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற கிழவியைப் பார்த்தோ, பின்னால் போய் உட்கார் என்கிறோம். சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டில் வேறு; பாட்டி வேறு.

கல்வராயன் மலைப் புளியும் பரங்கிப்பேட்டை மீனும் சட்டியில் சேர்ந்துவிட்டன. மனிதர்கள் சேருவதுதான் தாமதம். அதுவும் அநேகமாக மத்தியானம் ஒரு மணிக்குக் கள்ளக்குறிச்சி மெஸ்ஸில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாவும், லாரி டிரைவரும், மலையிலிருந்து இறங்கிய மலையாளிப் பெரியவரும், பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே பலகையில் தோளோடு தோள் இடிக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வாசலில் நிற்கிறார். இலையைப் பார்த்துக் குனிந்திருக்கும் வாத்தியாரிடம் கடைக்காரர் சொல்கிறார்: "சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

பல நூற்றாண்டு காலம் இந்த நாட்டில், "தள்ளி நில்" என்ற சொல்லே கேட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து "தள்ளி உட்காருங்க" வரைக்கும் வந்து சேர நமக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. வாத்தியார் தள்ளி உட்கார்ந்துவிட்டார். வந்தவருக்கு இலை விழுந்துவிட்டது. குழம்பு சூடாக இருக்கிறது.